கையில் கொடுத்த உப்பு

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் கத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. "ஐயையோ, இல்ல! அவ அப்படிச் சொல்லமாட்டா!" என்று வாய் தானாகக் கத்தியது. முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. பக்கத்திலிருந்த என் பன்னிரண்டு வயது மகள் பாப்கார்ன் டப்பாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"மா, ப்ளீஸ்லா. மானம் போகுது."

மானம் போனால் போகட்டும். திரையில் ஒரு அக்கா மலைவாசலில் நின்றுகொண்டு தம்பியின் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மடக்கிவிட்டு, கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள்: "போ. இந்த வாசலுக்கு இனி வராதே." காதில் கேட்டது ஆங்கிலம். கீழே ஓடியது மலாய் எழுத்து. இரண்டும் ஒன்றையே சொல்லின. காதில் சரியாக விழவில்லை என்று சாக்குச் சொல்லக்கூட வழியில்லை.

அந்தக் காட்சி எனக்கு மனப்பாடம். இதே நாவலை முன்பு கார்ட்டூன் படமாக எடுத்திருந்தார்கள். சின்ன வயதில் அதைக் குறைந்தது நூறு தடவை பார்த்திருப்பேன். அதிலும் அதே வாசல், அதே உப்பு, அதே விரல் மடக்கல். ஆனால் அதில் அந்த அக்கா சொல்வது வேறு. "இந்த உப்பு கரைவதற்குள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடு" என்பாள்.

இதே மாதிரி உப்பை வைத்து, இதே மாதிரி விரலை மடக்கித்தான் நான் என் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். பதினைந்து வருஷம் ஆகிறது. அவன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்பதுதான் அவன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம். அவனை மன்னிப்பதா வேண்டாமா என்று நான் மனசுக்குள் போட்ட சண்டைகளுக்கெல்லாம் அந்த ஒரு வசனம்தான் ஆதாரம். அதை ஒரு நடிகை வந்து சர்வ சாதாரணமாக மாற்றிவிட்டுப் போகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

படம் முடிந்து கீழே உணவுக்கடைகள் இருக்கும் தளத்தில் உட்கார்ந்தோம். நான் என் மீ கோரெங் நூடுல்ஸைத் தொடவே இல்லை. படத்தைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வாசலைப் பாத்தியா? கொம்தார் டவர் உயரத்துக்குக் கட்டி வச்சிருக்கான். எதுக்கு? ஒரு பையன் உள்ள போறதுக்கு அவ்ளோ பெரிய கதவா?"

"கிராண்டா இருந்துச்சுலமா."

கார்ட்டூனில் அந்த வாசல் வெறும் சாம்பல் நிறக் கல். நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்களே பயந்துகொள்வோம். இந்தப் படத்தில் பயப்படவும் விடவில்லை, எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள். மலையாடுகளின் ஒவ்வொரு மயிரும் ஈரத்தில் மினுங்குகிறது, ஆனால் ஒரு ஆட்டுக்கும் முகம் என்று ஒன்று இல்லை. கார்ட்டூனில் ஆட்டுக்குக் கண் இரண்டு புள்ளிதான். அந்தப் புள்ளியிலேயே அது முழிக்கும், முறைக்கும், கெஞ்சும். அந்த அக்காவுக்கு முன்பல்லில் ஒரு இடைவெளி இருக்கும். இந்த நடிகைக்குப் பல்வரிசை பளிச்சென்று இருக்கிறது. ஆடு மேய்க்கிற பெண், புருவத்தைத் திருத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். போதாததற்கு நாவலில் அரைப்பக்கம்கூட இருக்காத ஒரு சண்டையை முக்கால் மணிநேரம் இழுத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் நான் நாவலைப் படித்ததில்லை. அரைப்பக்கம் என்று சும்மா அடித்துவிட்டேன். மகளுக்கு அது தெரியும் போலிருக்கிறது, என் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கார்ட்டூன் வந்த கதையைச் சொல்லவேண்டும். அப்பா பட்டர்வொர்த் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். அம்மா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதின்மூன்று, தம்பிக்கு ஒன்பது. பள்ளி விடுமுறையில் பகலெல்லாம் நாங்கள் சத்தம் போடாமல் இருக்கவேண்டும், ஏனென்றால் அப்பா தூங்குவார். ஒற்றை அறை ஃபிளாட். அவர் புரண்டு படுத்தால் ஹாலில் கேட்கும், நாங்கள் தும்மினால் அவருக்குக் கேட்கும். எங்களை எப்படி அடக்குவது என்று தெரியாமல் ஒருநாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு விசிடி வாங்கிவந்தார். இரண்டு வட்டு, பிளாஸ்டிக் உறை, மேலே ஒரு ஆட்டின் படம். எங்களிடமிருந்தது அந்த ஒரு படம்தான்.

அந்தக் காலத்து விசிடியில் ஒரு வித்தை உண்டு. இடது ஸ்பீக்கரில் ஒரு மொழி, வலது ஸ்பீக்கரில் இன்னொரு மொழி. எங்கள் வட்டில் இடது பக்கம் மலாய், வலது பக்கம் ஆங்கிலம். திரைக்குக் கீழே சீன எழுத்து ஓடும், அது எங்களுக்கு வெறும் கோலம். அப்பா லீவில் இருந்த ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் பேச, "என்னடா இது, சந்தைக்கடை மாதிரி?" என்று அவரே அணைத்துவிட்டார்.

நாங்கள் பார்த்தது ஒரே ஒரு இயர்போனில். டிவியில் சொருகி, ஆளுக்கு ஒரு காது. அந்த இயர்போனில் இடது பக்க ஒயர் குட்டை, வலது பக்க ஒயர் நீளம். வட்டு மாற்றுவதும் பொத்தான் அமுக்குவதும் மூத்தவள் வேலை என்று நான் டிவிக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஆகவே குட்டை ஒயர் எனக்கு, நீளம் அவனுக்கு. எனக்கு மலாய், அவனுக்கு ஆங்கிலம். ஆரம்பத்தில் அவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொண்டான். அவன் ஆங்கிலம் கற்றதே அந்தப் படத்தில்தான். இரண்டு மொழி, ஒரே கதை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சில இடத்தில் அவன் சிரிப்பான், எனக்குச் சிரிப்பு வராது. அவன் ஒரு கிறுக்கன் என்று விட்டுவிடுவேன். வாசல் காட்சி வந்தால் அழுவான். ஒவ்வொரு தடவையும் அழுவான். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. படத்துத் தம்பிதான் திரும்பி வரப்போகிறானே, எதற்கு அழவேண்டும்? "பொம்பளப் புள்ள நானே அழல, உனக்கு என்னடா?" என்று கேலி செய்வேன். கடைசியில் அந்த அக்கா நரைத்த தலையோடு வாசலில் நிற்பதோடு படம் முடியும். அவள் தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் திருப்தியாக வட்டை எடுப்பேன். என் தம்பி மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பத்தொன்பது வயதில் அவனுக்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் ரயிலேறிக் கோலாலம்பூர் போய் அங்கிருந்து விமானம். பினாங்குத் துறைமுகத்தில் ஃபெர்ரிக்கு நின்றோம். அப்பாவுக்கு முட்டி வலி, அவர் வரவில்லை. என் கைப்பையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு இருந்தது. நான்கு நாளாக யோசித்து எடுத்துவைத்தது.

நம் வீடுகளில் உப்பை யாரும் கையில் கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுத்தால்கூடக் கிண்ணத்தில் போட்டுக் கீழே வைப்போம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கையிலிருந்து கைக்குப் போனால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். ஆனால் எங்களுக்கு அந்தப் படம் அதற்கெல்லாம் மேல். கூட்டம் இரும்புப் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் கையை இழுத்து, உப்பைக் கொட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். வசனத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அவனுக்குத்தான் தெரியுமே.

அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. என்னைப் பார்த்தான், கையைப் பார்த்தான். "சரிக்கா" என்றான். ஃபெர்ரியில் ஏறி, கைப்பிடிக் கம்பியருகே நின்றான். கைகாட்டினேன். அவன் காட்டவில்லை. மூடிய கையில் உப்பு இருக்கிறது, அதனால்தான் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்தது, அங்கேயே வேலை கிடைத்தது. தீபாவளிக்குப் பேசுவான், என் பிறந்தநாளுக்குப் பேசுவான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரு கேள்வி. "நான் ஒரு தடவ வரலாமாக்கா?"

வரலாமா! சொந்த வீட்டுக்கு வர அனுமதியா கேட்பது? எனக்கு உச்சியில் ஏறும். "என்னைய ஏன் கேக்குற? உன் இஷ்டம்லா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஒரு புடவைக்கும் இன்னொரு புடவைக்கும் நடுவில் தம்பியைத் திட்டித் தீர்ப்பேன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு அப்பா இறந்தபோது வந்தான். கொள்ளி வைத்தான், மொட்டை போட்டான். எல்லாம் முறைப்படி செய்தான். செய்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டான். காடு போய்வந்தவன் குளிப்பதற்குக்கூட எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சாம்பல் கரைத்தோம், அன்று சாயங்காலமே விமானம் ஏறிவிட்டான். பினாங்கில் பிறந்தவன், அப்பா செத்த வீட்டில் தங்காமல் ஹோட்டலில் ரூம் போட்டான். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பாமல் இரண்டு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் நான் அந்தப் படம் பார்க்கப் போகும்போது இருந்த நிலைமை.

மறுநாள் காலை எழுந்ததும் அவனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். கோபத்தில் நாலு நிமிஷம் போய்விட்டது. "டேய், நம்ம படத்த எடுத்துக் கெடுத்து வச்சிருக்கானுங்க. வாசல்ல அக்கா சொல்ற வசனத்தையே மாத்திட்டானுங்க. திரும்பி வராதன்னு சொல்றாளாம். எவன்டா இத எழுதுனது?" இன்னும் என்னென்னவோ.

அவனும் படத்தைப் பார்த்திருந்தான். அவன் பதில் ஆறு விநாடிதான். "என்னக்கா மாத்திட்டாங்க? பழைய படத்துலயும் அவ அதானே சொல்லுவா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். பிறகு அவனுக்கு எல்லாம் மறந்துவிட்டது, பெர்த் போய் வசனம்கூட மறந்துவிட்டது என்று ஆத்திரம். நூறு தடவை பார்த்த படம்! எழுதி அனுப்பினேன், அவனும் எழுதினான். "இல்லவே இல்லக்கா. 'இனி வராதே, வந்தா கல்லாயிடுவே'ன்னு சொல்லுவா. அதுக்குத்தான நான் அழுவேன்." நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுக்குத்தான நான் அழுவேன்.

வட்டு இன்னும் என்னிடம் இருந்தது, பிஸ்கட் டின்னில். போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. அந்தப் பழைய படம் எந்தத் தளத்திலும் கிடைப்பதும் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் மேல்மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். பழைய சினிமாப் பாட்டு பாடும் பைத்தியம். அவர் வீட்டில் இன்னும் கராவோக்கே செட் இருக்கிறது, விசிடி போடும் மெஷினோடு. அதில் இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று இரண்டு பொத்தான். கராவோக்கே வட்டில் ஒரு பக்கம் பாடகர் குரல், இன்னொரு பக்கம் வெறும் இசை இருக்கும். எந்தப் பக்கம் வேண்டுமோ அதை மட்டும் கேட்கலாம். அந்தப் பொத்தானைத் தேடித்தான் மாடியேறினேன்.

"காலையிலயே பாட வந்துட்டியா?" என்றார் அக்கா.

"பாட இல்லக்கா. தம்பி பொய் சொல்றான்னு நிரூபிக்கணும்."

இரண்டாவது வட்டைப் போட்டார். படம் திக்கித் திக்கி ஓடியது. சாம்பல் வாசல் வந்தது. பல்லிடுக்குள்ள அக்கா வந்தாள். எல் பொத்தானை அமுக்கினேன். மலாய். உப்பை வைத்தாள், விரல்களை மடக்கினாள். "இந்த உப்பு கரைவதற்குள் பூலாங்லா" என்றாள். வீட்டுக்கு வந்துவிடு. அதே குரல், அதே 'லா'. "பாத்தீங்களாக்கா!" என்று துள்ளினேன்.

"சரி, அடுத்த பக்கம் போடு" என்றார்.

பின்னால் ஓட்டி, ஆர் பொத்தானை அமுக்கினேன். அதே படம். அதே கை. ஆங்கிலத்தில் ஒரு பெண், என் மலாய் அக்காவைவிடக் கனமான குரலில் சொன்னாள்: "போ. இந்த வாசலுக்கு இனி வராதே. திரும்பி வருகிறவன் கல்லாகிவிடுவான்."

மறுபடி பின்னால் ஓட்டினேன். எல், "வந்துவிடு." ஆர், "வராதே." எல், ஆர், எல், ஆர் என்று எத்தனை தடவை அமுக்கினேன் என்று தெரியாது. அவள் வாய் ஒரே மாதிரிதான் அசைந்தது. வரைந்த வாய்தானே, மூன்று கோடு, எந்த மொழிக்கும் பொருந்தும். ஒரே சோபாவில், ஒரே இயர்போனில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டு நானும் என் தம்பியும் இரண்டு வேறு படம் பார்த்திருக்கிறோம். மேல்மாடி அக்கா தண்ணீர் கொண்டுவந்தார்.

அவரிடம் ஃபெர்ரித் துறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உப்ப அவன் கையிலயா குடுத்த?"

"ஆமாக்கா."

"கையிலயா? ஊர்விட்டுப் போற புள்ளைக்கு, உப்ப, கையில?" அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அவன் காதுல 'வராத'ன்னு. கையில உப்பு. நீ வேற ஒரு வார்த்த பேசல. அவன் என்னலா நெனைப்பான்?"

அவன் என்ன நினைத்திருப்பான்! வெளுத்துப்போன அந்த முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதினைந்து வருஷம் கழித்து, யாரோ ஒருவர் வீட்டுக் கராவோக்கே மெஷின் முன்னால். நான் அவனை அழைத்தேன் என்று நினைத்தேன். அவன் என்னால் துரத்தப்பட்டான். துரத்திவிட்டு, வரவில்லையே என்று ஊரெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழே இறங்கிவந்தால் மகள் மேசையில் நாவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுப்பதிப்பு, அட்டையில் திருத்திய புருவத்தோடு அந்த நடிகை. பள்ளித் தோழியிடம் வாங்கிவந்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எது உண்மை? எழுதிய ஆள் என்ன எழுதினார்? வந்துவிடு என்றா, வராதே என்றா?

"அந்த வாசல் எங்க இருக்கு, பாரு."

அவள் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தமிழில் சொன்னாள். "அவ உப்ப கையில வைக்கிறா. விரல ஒண்ணு ஒண்ணா மடக்குறா. காத்து அடிக்குது. அவன் போயிட்டான். அடுத்த சேப்டர்."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலமா."

நான் புத்தகத்தைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேல்வரி, கீழ்வரி, அடுத்த பக்கம், முந்தைய பக்கம். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த வாசலில் வசனமே இல்லை. படத்தில் ஒரு ஆள் சும்மா நிற்கக்கூடாது, வாய் அசையவேண்டும் என்று யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார். அது குழந்தைகளுக்கு ஆகாது என்று மலாயில் பேசவைத்தவர் ஒரு வரியை மாற்றியிருக்கிறார். இப்போதைய படம் பழைய ஆங்கில வரியை எடுத்துக்கொண்டது. முகம் தெரியாத இரண்டு பேர் எழுதிய இரண்டு வரியில் நாங்கள் இரண்டு பேரும் பதினைந்து வருஷம் வாழ்ந்திருக்கிறோம். அந்த அக்கா நாவலில் பேசாமல் நின்றமாதிரிதான் நானும் துறைமுகத்தில் நின்றேன்.

எழுதி அனுப்ப எனக்குப் பொறுமை இல்லை. மகளையும் இழுத்துக்கொண்டு மறுபடி மாடியேறினேன். ஞாயிற்றுக்கிழமை, பெர்த்திலும் இங்கேயும் ஒரே நேரம்தான். வீடியோவில் அழைத்தேன். தலைமுடி கலைந்து, கையில் காப்பிக் கோப்பையோடு வந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. அப்பா மாதிரியே இருந்தான்.

"ஒண்ணும் பேசாத. கேளு" என்று சொல்லிப் போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினேன். எல் பொத்தானை அமுக்கினேன்.

அவள் சொன்னாள். வீட்டுக்கு வந்துவிடு.

போனைத் திருப்பிப் பார்த்தேன். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இன்னொரு தடவ போடுக்கா."

போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன்.

"உன் காதுல இதுவா கேட்டுச்சு? அப்பலேருந்து?"

"அப்பலேருந்து இதான்டா. எனக்கு வேற எதுவும் தெரியாது."

"நீ என்னைத் தல முழுகிட்டேன்னு நெனச்சேன்க்கா." ஒன்பது வயதுப் பிள்ளைபோல் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "படிக்கப் போறேன்னு அப்பாவ உன் தலையில கட்டிட்டுப் போனேன்ல, அந்தக் கோவத்துல வெட்டிவிட்டுட்டேன்னு நெனச்சேன். கேட்டா 'உன் இஷ்டம்'னு சொல்லுவ. அப்பா சாவுக்கு வந்தேன். செருப்பக் கழட்டிட்டு வாசல்ல நின்னேன். நீ என்னைப் பாத்த. வான்னு ஒரு வார்த்த சொல்லல."

"டேய், சாவு வீட்டுல யாராச்சும் வான்னு கூப்புடுவாங்களா?"

"தெரியும்க்கா. கூப்புடமாட்டாங்கன்னு தெரியும். ஆனா மனசு அதையேதான் புடிச்சுக்கிச்சு."

அந்த மூன்று நாளும் நான் யாரையும் வா என்று சொல்லவில்லை, அவனும் கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. இழவு வீட்டில் இரண்டுமே சொல்லக்கூடாத வார்த்தைகள். முறை தவறாமல் நடந்துகொண்டோம். முறை தவறாமல் பிரிந்துபோனோம்.

நான் விம்மி அழுதேன். மேல்மாடி அக்கா பொத்தான்களை அணைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். என் மகள் இதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை, வாயைத் திறந்தபடி நின்றாள். தியேட்டரில் போன மானத்தைப் பற்றி அவளுக்கு இப்போது ஞாபகமே இல்லை.

"கொஞ்சம் இரு அக்கா, வர்றேன்" என்று அவன் எழுந்து போனான். காலி நாற்காலி தெரிந்தது. எங்கோ ஒரு அலமாரி திறக்கும் சத்தம். திரும்பி வந்து கேமராவுக்கு முன்னால் ஒரு குட்டிப் பாட்டிலைப் பிடித்தான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. உள்ளே கல்லுப்பு.

"தூக்கிப் போட மனசு வரல. ஈரம் பட்டுடக்கூடாதுன்னு ஒவ்வொரு வீடு மாறும்போதும் சட்டைக்குள்ள சுத்தி எடுத்துட்டுப் போவேன். ஏன்னு எனக்கே தெரியாதுக்கா." பாட்டிலை ஆட்டிக் காட்டினான். உப்பு கண்ணாடியில் பட்டுக் கலகலவென்றது. "பாரு. கரையல."

நான் பார்த்தேன். ஒரு கல்லும் கரையவில்லை.

பழைய பழக்கம், அவன் வாய் தானாகவே அந்தக் கேள்விக்குப் போனது. "அக்கா, நான் வரலாமா?"

பதினைந்து வருஷமாக நான் சொல்லாத ஒரு எழுத்து அது.

"வா" என்றேன்.